முட்டை உடைந்ததா, இல்லையா?

அபராதம் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கோர்ட்டில் ஏறி வாதாடியே தீருவது. ராசப்பன் என்றால் யாரென்று அந்த ஏட்டுக்குத் தெரிய வேண்டாமா?

இப்படி நான் முழங்கியதற்குக் காரணம் வீரம் அல்ல. என் மனைவி சௌந்திரம். வண்டியை அதிவேகமாக ஓட்டியதாகச் சம்மன் வந்த அன்றே, "பைனக் கட்டீட்டு வந்தர்றேன் புள்ள" என்றுதான் சொன்னேன்.

"கட்டுங்க. கட்டுனா வேகமாப் போனது நெசம்னு ஆயிருமுங்களே. முட்டை வண்டிய வேகமா ஓட்டற ஆளுகிட்டச் சாவி எதுக்குங்க? எந்தம்பி காளியண்ணன் ஓட்டட்டும்."

சாவி போனால் எனக்கு உயிரே போன மாதிரி. ஏனென்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எங்கள் பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டை. ஆனால் என் இலையில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு முட்டை. மற்றதெல்லாம் விற்பதற்கு. சௌந்திரம் போட்ட சட்டம் அது. அதற்கு அப்பீல் கிடையாது.

ஆகவே சேலத்துக்கு லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் ஆண்டகளூர் கேட் தாண்டி ஒரு புரோட்டாக் கடை வாசலில் எங்கள் மெட்டடோர் வேன் தானாக நின்றுவிடும். ஒரு அட்டை, அதாவது முப்பது முட்டையை எடுத்து மாஸ்டரிடம் கொடுப்பேன். ஆம்லெட், ஆப்பாயில், முட்டை வீச்சு என்று நான் போதும் போதும் என்கிறவரை போட்டுவிட்டு மிச்சத்தை அவர் கடைக்கு வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ரோடு மோசம் புள்ள. ஒரு அட்டை உடைஞ்சுபோச்சு" என்பேன். "அப்படீங்களா" என்பாள். அவ்வளவுதான். வண்டியும் வாழ்க்கையும் சுகமாக ஓடிக்கொண்டிருந்தன.

அன்றைக்குப் பசி கொஞ்சம் அதிகம். மாஸ்டர் கல்லைச் சூடேற்றும் நேரத்துக்குப் போய்விடலாமே என்று காலை அழுத்திவிட்டேன். எவ்வளவு வேகம் என்பது எனக்கும் நாமக்கல் ஆஞ்சநேயருக்கும்தான் தெரியும். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புளிய மரத்தடியில் ஏட்டு வேகத்தைக் கணக்குப் பார்க்கும் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்துபோயிற்று.

வக்கீல் சுவாமிநாதனைப் பிடித்தேன். பேப்பரை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "ஒரு பாயிண்டும் இல்லீங்களே ராசப்பன்" என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனால் வாய்தா அன்று கோர்ட் வாசலில் பார்த்தால் ஆள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறார்.

"பாயிண்ட் கெடச்சிருச்சுங்க. நீங்க உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும்."

சௌந்திரமும் வந்திருந்தாள், பட்டுச்சேலையில்.

"நீ எதுக்குப் புள்ள இங்கெல்லாம்?"

"நீங்க ஜெயிக்கறதப் பாக்கோணுமுங்க."

அதுவரை நான் கோர்ட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே போனதும் மூச்சே சின்னதாகிவிட்டது. அவ்வளவு உயரமான கூரை. அவ்வளவு கறுப்புக் கோட்டு. மாஜிஸ்டிரேட் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறிகூட அவருக்குப் பயந்து மெதுவாகச் சுற்றியது. சத்தியம் செய்து கூண்டில் ஏறியவனுக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

வக்கீல் கேட்டார்.

"வண்டியில் என்ன லோடு?"

"முட்டைங்க."

"ரோடு எப்படி?"

"குண்டுங் குழியுமுங்க."

"அந்த ரோட்டில் இந்த ஏட்டு சொல்கிற வேகத்தில் போனால் முட்டை என்ன ஆகும்?"

"கூழாப் போயிருமுங்க."

"அன்றைக்கு எத்தனை முட்டை உடைந்தது?"

வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். மூன்றாவது பெஞ்சில் சௌந்திரம். அன்றைக்கும் ஒரு அட்டை உடைந்ததாக அவளிடம் சொல்லியிருந்தேனே. உடைந்தது என்றால் வேகமாகப் போனது உறுதி, சாவி காளியண்ணனுக்கு. உடையவில்லை என்றால் அந்த அட்டை எங்கே போயிற்று?

மாஜிஸ்டிரேட் கண்ணாடியைக் கழற்றினார். "உடைந்ததா, இல்லையா?"

சௌந்திரம் மடியில் கையை வைத்துக்கொண்டு வெகு அமைதியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட உடையலீங்க சாமி."

வக்கீல் விடவில்லை. "இதற்கு முன்னால் எப்போதாவது உடைந்ததுண்டா?"

"எப்பவுமே உடைஞ்சதில்லீங்க."

கேஸ் தள்ளுபடி.

வெளியே வந்ததும் வக்கீலை ஓரமாக அழைத்துப் போனேன். "அந்தக் கேள்வியெல்லாம் எப்படிங்க தோணுச்சு?"

"எனக்கெங்கீங்க தோணுது? நேத்து உங்க ஊட்டுக்காரம்மா வந்து சொல்லீட்டுப் போனாங்க. அந்தக் கடைசிக் கேள்வியக் கட்டாயம் கேக்கோணும்னாங்க."

வேனில் ஏறி ஊர்ப் பக்கம் திரும்பியதும் மெதுவாகக் கேட்டேன். "உனக்கு எப்பப் புள்ள தெரியும்?"

"மொத அட்டையிலயேங்க. முட்டை உடைஞ்ச வண்டி நாறோணும், ஈ மொய்க்கோணும். நம்ம வண்டியில சால்னா வாசமுல்லங்க அடிச்சுது."

"அப்பவே கேட்டிருக்கலாமுல்ல?"

"கேட்டா ரோடு மோசம்பீங்க. கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னா மாத்திப் பேச முடியாதுங்களே."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். பதினைந்து வருஷமாக என் பக்கத்தில் இருக்கிற மனுஷி. மாஜிஸ்டிரேட் முன்னால்கூட எனக்கு அத்தனை பயபக்தி வரவில்லை. இவள் கறுப்புக் கோட்டு போட்டிருந்தால் இந்த ஜில்லாவில் ஒரு திருடன் தப்பியிருக்க மாட்டான். இறங்கி ஒரு கும்பிடு போடலாமா என்றுகூடத் தோன்றியது. சாவியைக் கழற்றி அவளிடமே நீட்டினேன்.

"வேண்டாமுங்க. ஜெயிச்சாச் சாவி உங்களுக்குத்தானுங்களே. நான் பேச்சு மாற மாட்டேன்" என்றாள். நெகிழ்ந்துபோனேன். இனி ஒரு முட்டையைக்கூடத் தொடுவதில்லை என்று ஆஞ்சநேயர் மேல் ஆணையிட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெற்றி விருந்து. முட்டைக் குழம்பு மணம் தெருவரை அடித்தது. காளியண்ணன் இலையில் இரண்டு முட்டை. பிள்ளைகள் இலையிலும் இரண்டிரண்டு. என் முறை வந்தது. சௌந்திரம் கரண்டியைச் சாய்த்தாள். வெறும் குழம்பு மட்டும் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்க முட்டை வழியில உடைஞ்சுபோச்சுங்க. அடுப்படியிலிருந்து இங்க வர்ற ரோடு ரொம்ப மோசம்."