டிசம்பர் பக்கத்தில் என் பேர்

"காசு கிடையாது சார், ஆனா உங்க பேர் போடுவோம்" என்று யாராவது போனில் சொன்னால் நான் இன்றைக்கும் பாதியிலேயே போனை வைத்துவிடுவேன். சிலருக்குப் பாம்பைக் கண்டால் பயம், சிலருக்கு ஊசி. எனக்கு என் பேர். அதுவும் அச்சில். கல்யாணப் பத்திரிகையில் பார்த்தால்கூட, பக்கத்தில் ஏதாவது படகு தெரிகிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

நான் வியாசர்பாடிக்காரன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடை போடும் வேலை. பெண் கட்டியது எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில். மனைவி தேவி பிறந்த ஊர் என்று நானும் அங்கேயே குடியேறினேன். கடலுக்குப் போகத் தெரியாத ஆம்பளைக்கு அங்கே என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். (மீன் வெட்டுகிற இடத்தில் பூனைக்கு உள்ள மரியாதை.) ஏதாவது ஒன்றில் நாமும் ஆள் என்று காட்ட வேண்டும் என்கிற வெறியில் பர்மா பஜாரில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். நல்ல லென்ஸ். பின்பக்கத் திரை மட்டும் விரிசல்.

அந்த வருஷம் ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீரை விடுகிறார்கள் என்று ஊர் கொதித்தது. ஒரு நாள் முழுக்க யாரும் கடலுக்குப் போகக் கூடாது, எல்லாப் படகிலும் கறுப்புக் கொடி, எல்லாரும் ரோட்டில் உட்கார வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். மீறிப் போனால் படகின் இன்ஜினைக் கழற்றிக் கோயிலில் வைத்துவிடுவார்கள். ஊர் மனசு வைக்கிறவரை அது அங்கேதான் கிடக்கும். இன்ஜின் இல்லாத வீட்டில் அடுப்பு எரியாது.

ரோட்டில் கொஞ்ச நேரம் கோஷம் போட்டுவிட்டு, ஒன்றுக்குப் போவதுபோல நழுவிக் கடற்கரைக்கு வந்தேன். ஆள் இல்லாத மணல், வரிசையாகக் கறுப்புக் கொடி கட்டிய படகுகள், அதற்குப் பின்னால் காலிக் கடல். தூரத்தில் ஒரே ஒரு புள்ளி. ஏதோ வேற்றூர்ப் படகு என்று நினைத்தேன். அந்தப் புள்ளிதான் படத்துக்கே உயிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (கலைஞன்!) எடுத்து முகநூலில் போட்டேன்.

மாதங்கள் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். எங்கள் பக்கத்து ஐஸ் கம்பெனிக்குக் காலண்டர் செய்கிறார்களாம். "உங்க படம் சூப்பர் சார். பட்ஜெட்தான் இல்ல. பேர் போட்டுக் குடுக்கறோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஐஸ் கம்பெனிக்காரரு ஐஸை ஓசில குடுப்பாராம்மா? ஐஸ் கட்டி மேல பேர் எழுதிக் குடுத்தா போதுமா?"

"யோசிச்சு சொல்லுங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

யோசித்தேன். யோசித்தது என்ன, தூக்கமே போனது. கொடுத்தால் ஏமாளி. கொடுக்காவிட்டால் அந்தப் பெண் வேறு எவன் படத்தையாவது போட்டுவிடுவாள், என் படம் முகநூலிலேயே கிடந்து சாகும். எது அதிக அவமானம் என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

தேவி ஒரே வார்த்தையில் முடித்தாள். "ஒன்னியும் குடுக்காத. ஓசில கேக்குறவன் நாளிக்கு கேமராவையும் கேப்பான்."

எடைமேடையில் என்னோடு வேலை செய்யும் ஜானிதான் கெடுத்தான். "மாமு, ரேசன் கார்ட தவிர உன் பேரு எதுனா அச்சுல வந்துகீதா? உன் மாமியார் ஊரு பூரா அந்தக் காலண்டர்தான் மாட்டும். அம்மாவாச பௌர்ணமி அத்துல பாத்துதான் வலயே போடுவானுங்கோ. வருசம் பூரா செவுத்துல நீ இருப்ப."

மாமியார் ஊர் பூரா. அந்த மூன்று வார்த்தையில் விழுந்தேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, எனக்குத் தெரிந்த ஒரே முறையில், அதாவது சண்டையாக, பேரம் பேசினேன். "ஓசிலயே எடுத்துக்கோ. ஆனா பேரு எறும்பு மாதிரி மூலைல போடக் கூடாது. பெருசா போடணும். இரா. குணசேகரன், எண்ணூர்னு முழுசா வரணும். படத்தையும் ஓரத்துல வெட்டக் கூடாது."

"ஓகே சார்" என்றாள் உடனே. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

வருஷக் கடைசியில் காலண்டர் வந்தது. ஐஸ் வாங்கப் போன என் மச்சான் பாலு, சுருட்டிக் கையில் கொண்டுவந்தான். முக்கால் ஆள் உயரம், பளபளவென்று. நான் ஒவ்வொரு மாதமாகப் புரட்டினேன். கடைசிப் பக்கம், டிசம்பர். என் படம். கீழே கொட்டை எழுத்தில் என் பேர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாலு குனிந்து பார்த்தான். "மாமா. இத்த எப்ப எட்த்த?"

"ரோட்டுல உக்காந்தோமே, அன்னிக்கி. அந்தப் புள்ளி கீது பாரு, அதான்டா அழகே."

"புள்ளியா? யோவ், அது நான்யா!"

முந்தின நாள் போட்ட வலையைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, எல்லாரும் ரோட்டில் இருந்த நேரத்தில் அதை எடுக்கத் திருட்டுத்தனமாகப் போயிருக்கிறான். தேவிக்குக்கூடத் தெரியாது.

நான் சமாளித்தேன். "இவ்ளோ தூரத்துல யாருன்னு எவன் கண்டுபுடிப்பான்?"

பாலு அந்தப் புள்ளியின் மேல் விரலை மட்டும் வைத்தான். குனிந்து பார்த்தேன். படகில் வெயிலுக்கு ஒரு பிளக்ஸ் பேனரைக் கூரையாகக் கட்டியிருந்தான். எங்கள் குப்பத்தில் எந்தப் பேனரும் வீணாகாது. விசேஷம் முடிந்த மறுநாளே கோழிக்கூண்டுக்கோ படகுக்கோ போய்விடும். இது என் கல்யாணப் பேனர். நடுக்கடலில், கழுத்தில் மாலையோடு, பல்லெல்லாம் தெரிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தேவி. மேலே 'வருக வருக'. விரிசல் விட்ட திரையில் புள்ளி. முக்கால் ஆள் உயரத்தில் மாப்பிள்ளை. லென்ஸ் நல்ல லென்ஸ் என்று முன்பே சொன்னேன்.

பாலுவின் இன்ஜின் கோயிலுக்குப் போகும். அவன் படகை நம்பித்தான் மாமியார் வீட்டு அடுப்பு. காட்டிக்கொடுத்தவன் வெளியூர் மாப்பிள்ளை, அதுவும் பேர் போட்டு, ஊர் போட்டு, கேட்டு வாங்கி.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "அம்மா, என் பேர எட்த்துடும்மா. படத்தையும் எட்த்துடு."

"எல்லாம் டெலிவரி ஆயிடுச்சு சார். நீங்கதானே சார் பெருசா போடச் சொல்லி சண்டை போட்டீங்க?"

தேவி காலண்டரை ஒருமுறை பார்த்தாள், தம்பியை ஒருமுறை பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. "போய் கியி. ஒவ்வொரு வூடா போய் கியிச்சுகினு வா" என்றாள்.

போனேன். விடிந்ததும் ஆரம்பித்தேன். "டிசம்பர்ல அம்மாவாச தப்பா அச்சாயிடுச்சு. கம்பெனி திருப்பி வாங்கினு வரச் சொல்லுச்சு. புது டிசம்பர் தருவாங்க." இதுதான் என் பொய். வாய் உலர உலரச் சொன்னேன். ஆணியில் தொங்கியதை எல்லாம் கிழித்தேன். மீன் ஏலக் கொட்டகையில் கிழித்தேன், டீக்கடையில் கிழித்தேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது, ஓடும்போதும் டிசம்பரை விடவில்லை. என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் இன்னும் வேகமாகக் கிழித்தேன். நிறையப் பேர் சிரித்தார்கள்.

கடைசியாக ஊர்த் தலைவர் வீடு. வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். அவர் காலண்டருக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. இன்னா, டிசம்பரா?"

"ஆமா நைனா. அம்மாவாச..."

"தப்பா கீதாமே. கியிச்சுக்கோ."

அவர் தலைக்கு மேல் கையை நீட்டிக் கிழித்தேன். அவசரத்தில் இழுத்த இழுப்பில் நவம்பரும் பாதி சேர்ந்து வந்தது. மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டப் போனேன்.

"மாப்ள. கல்யாணத்துல நல்லா சிரிச்சிகினுகீற."

நின்றுவிட்டேன்.

"காலண்டர் வந்த அன்னிக்கே ஊரு மொத்தமும் பாத்துடுச்சு. சாய்ந்தரம் கோயிலாண்ட கூடிப் பேசலாம்னு இருந்தோம். அதுக்குள்ள நீ இப்பிடி வூடு வூடா பூந்து கியிச்சிகினு வர்ற."

நான் அவர் காலில் விழப் போனேன். "நைனா, பாலு வலய எடுக்கத்தான்..."

"எந்த பாலு? பாலு போனான்னு யாரு சொன்னது? சாட்சி எங்க?" கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "எல்லாத்தையும் நீதான் கியிச்சிட்டியே. ஆனா நீ கியிச்சதுக்கு ஊரே சாட்சி. டிசம்பர் மாசம் அம்மாவாச எப்பன்னு நான் யார கேக்கறது? புது டிசம்பர் தர்றேன்னு சொல்லிகீற. எங்க?"

சாயங்காலம் ஊர் கூடியது. பாலு பேர் ஒருவர் வாயிலும் வரவில்லை. டிசம்பரைக் கிழித்த குற்றத்துக்கு எனக்குத்தான் தண்டம். ஆளாளுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, தலைவர் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார். "இனிமே இந்த ஊர்ல எவன் வூட்டு விசேசம் நடந்தாலும் மாப்ளதான் போட்டா எடுக்கணும். காது குத்து, மஞ்ச நீராட்டு, கல்யாணம், எல்லாத்துக்கும். காசு கிடையாது."

தேவி பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பேர் போடுவோம்."

சிரிப்பு ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். தேவியும் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

தண்டத்துக்கு எத்தனை வருஷம் என்று அவர் சொல்லவில்லை. நானும் பயத்தில் கேட்கவில்லை. இன்றுவரை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு பேனரிலும், மணமக்களைவிடப் பெரிதாக 'போட்டோ: இரா. குணசேகரன், எண்ணூர்' என்று போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். எந்தப் படத்தையும் மூலை மூலையாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் நான் யாருக்கும் தருவதில்லை. மார்கழி பிறந்தால் சின்னப் பிள்ளைகள்கூட வீட்டு வாசலில் நின்று, "மாமா, புது டிசம்பர் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடும்.

விசேஷம் முடிந்த மறுநாள் அந்தப் பேனர்கள் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது எங்கள் கரையில் நின்று யார் கடலைப் படம் எடுத்தாலும், தூரத்தில் தெரிகிற புள்ளி எதைப் பெரிதாக்கினாலும், என் பேர்தான் இருக்கும். கொட்டை எழுத்தில்.