ஜப்பார் ஹாஜியார் கண்ட நூற்றுத் தொண்ணூற்றாறு பிறைகள்

பெருமதிப்புக்குரிய றிஸ்மின் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண்டக்குழியிலிருந்து மருமகன் றுமைஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். டோஹாவில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக இதை வாசித்து முடிக்கும் வரைக்கும். உம்மா என் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டதால்தான் கடிதம்.

ஜப்பார் ஹாஜியாருக்குக் கண் போய்விட்டது என்று ஊரே சொல்கிறது. முப்பது வருடம் கடற்கரையில் நின்று பிறை பார்த்துச் சொன்ன மனிதரை, இனி வர வேண்டாம் என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பிழை அவர் கண்ணில் இல்லை மாமா. நீங்கள் எங்கள் அறையில் வைத்துவிட்டுப் போன கலியாணக் கார்ட் பிரிண்டரில். அதாவது, அதில் நான் வைத்த கையில்.

பள்ளிக்கூட விஞ்ஞானப் போட்டிக்கு நுண்வில்லைகள், அதாவது கடுகை விடச் சின்ன லென்ஸுகள், அதில் அடிக்கலாம் என்று நினைத்தேன். போன் கடையில் கண்ணாடி ஒட்டுவார்களே ஒரு பசை, ஊதா வெளிச்சம் பட்டால் இறுகுமே, அதை ரைஸ் குக்கர் மூடியில் வைத்து இளக்கி, கழுவின மைக் காட்ரிஜில் ஊற்றி, பிரிண்டரில் சீடி வைக்கும் தட்டில் போன் கண்ணாடியை வைத்து அடித்தால், முதல் தடவை துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து குளமாகிவிட்டன, இரண்டாம் தடவை கண்ணாடி முழுக்கப் பரவி ஓடின, பிறகு வாப்பாவின் மோட்டார் சைக்கிள் பொலிஷைப் பூசித் துடைத்து, இடைவெளி விட்டு அடித்தேன், அல்ஹம்துலில்லாஹ், ஒவ்வொரு துளியும் குமிழ் மாதிரி உருண்டு நின்றது. உங்கள் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா லைட்டைக் காட்டினேன், இறுகிவிட்டது. பதினான்கு வரிசை, வரிசைக்குப் பதினான்கு வில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு படம் காட்டும். அதால் உம்மாவைப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு உம்மா. உடனே கீழே வைத்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நோன்பு இருபத்தொன்பதில், இது புதுசாக வந்த பிறைக் கண்ணாடி என்று ஹாஜியாரிடம் விளையாட்டுக்கு நீட்டினேன். அவர் பிஸ்மி சொல்லிப் பார்த்தார். கரையோரக் காற்றாலையின் உச்சி விளக்குத்தான் அதில் பட்டிருக்க வேண்டும். கண்டேன் என்றார். விடிந்தால் பெருநாள் என்று உம்மா வட்டிலப்பத்துக்கு இருபது முட்டை உடைத்துவிட்டார். பள்ளிவாசலிலிருந்து கொழும்புப் பிறைக் குழுவுக்குப் போன் போனது. எத்தனை பேர் கண்டது என்று கேட்டார்கள், ஒருவர் என்று சொல்லப்பட்டது. தெளிவாகக் கண்டாரா என்று கேட்டதும் ஹாஜியாரே போனை வாங்கினார்.

"தெளிவா கண்டன் தம்பி. கொறஞ்சது நூத்தித் தொண்ணூறு இரிக்கும்."

அந்தப் பக்கத்தில் போனை வைத்துவிட்டார்கள்.

பள்ளிவாசல் தலைவர் உங்கள் பேச்சைக் கேட்பார், மாமா. பிழை பிரிண்டரில் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஹாஜியாரைத் திரும்பச் சேர்ப்பார்கள். எனக்கு எந்தத் தண்டனையும் சரி. பசை உள்ளே இறுகி, மை தெளிக்கும் ஹெட்டும் அடைத்துவிட்டது, அதையும் மறைக்கவில்லை.

அல்லாஹ் உங்கள் தொழிலிலும் ஆயுளிலும் பரக்கத் செய்து பெருக்குவானாக. கோபத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அடக்கமுள்ள மருமகன்,
றுமைஸ்

பி.கு.: இதை ஹாஜியாருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு என் காதைப் பிடித்தார்.

"கண் தெரியாதெண்டா வயசு, சொல்லிட்டுப் போகட்டும். ஒன்ன மாதிரி ஒருத்தன்ட்ட ஏமாந்தனெண்டு ஊர்ல கதை வரப்படாது மகன்."

ஆகவே மாமா, மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. முத்திரை ஒட்டிவிட்டதால் மட்டும் தபாலில் போடுகிறேன். ஹாஜியாருக்குக் கண் தெரியாது. உங்கள் பிரிண்டரை நான் தொட்டதே இல்லை. ஹெட் அடைத்தது உப்புக் காற்றால்.