பதினாலு கேக்கும் ஒரு கைப்பையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. மன்னார்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கடைச் சாமான் துண்டுகளும், ஜேர்மன்காரர் நீட்டுகிற படிவங்களில் கையெழுத்தும்தான். "அன்ரி, எங்கட கோவில் மலருக்கு நீங்களும் ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்ட பிள்ளைக்கு ஏலாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. (என் வாழ்க்கையில் நடந்த கூத்துகள் எல்லாமே ஏலாது என்று சொல்லக் கூச்சப்பட்டு வந்தவைதான். இப்போது எழுதப்போவதும் அதுதான்.) எழுத்து கோணலாக இருக்கும், இடையில் மறந்தும் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் ஜெராட்டுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பார்த்த சம்பந்தங்களில் கடைசியானது என்னால்தான் குழம்பியது. பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த இரண்டு மணித்தியாலமும் நான் கூச்சத்தில் வாய் திறக்காமல் கதிரை நுனியில் இருந்தேன். திரும்பிப் போனவர்கள், "தாய்க்காரிக்குச் சரியான தலைக்கனம். எங்களோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தலைக்கனமாம், எனக்காம்! பஸ்ஸில் மணியை அமத்த வெட்கப்பட்டு, வேறு யாராவது அமத்தும் வரைக்கும் போய், இறங்கி நடந்து திரும்பி வருகிற ஆள் நான்.

பிறகு ஜெராட் தானே ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்தான். பெயர் கிர்ஸ்டன். அவனோடு ஜேர்மனியின் எல்லைப் பட்டினமான பிளென்ஸ்பூர்க்கில் வேலை செய்கிற டென்மார்க் பிள்ளை. எல்லைக்கு அங்கால், டென்மார்க்கின் தெற்கு மூலையில், கடலோரத்துச் சதுப்பு நிலத்தில் அவள் ஊர். அங்கே தாய் இங்கர் தனியாக இருக்கிறா. "எங்கள் பக்கத்தைப் பார்க்க வாருங்கள். முதலில் கோப்பி, பிறகு பழைய கோவில், பொழுதுபடும்போது கறுப்புச் சூரியன்" என்று எங்களைக் கூப்பிட்டிருந்தா. கறுப்புச் சூரியன் என்றதும் நான் பயந்துபோனேன். மைனா மாதிரிக் குருவிகள் கணக்கில்லாமல் ஒன்றாகப் பறந்து வானத்தை மறைப்பதற்கு அவர்கள் வைத்த பெயராம் அது.

இந்த முறை குழம்பக் கூடாது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். கதைக்க எனக்கு வாய் வராது, சாப்பிடவாவது வாயைத் திறப்போம், தந்தது எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவு நல்லது. அதற்கு முதல் நான் செய்த வேலைதான் கெட்டது.

"கோப்பிக்குத்தானே கூப்பிட்டிருக்கினம்?" என்றார் இவர், ஜெராட்டின் அப்பா. "ஒரு துண்டுக் கேக் தருவினம். அதை நம்பிப் போனால் பொழுதுபட மயங்கி விழவேண்டியதுதான்."

இவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், கூட வேலை செய்த ஜேர்மன் மனுசி ஒருத்தி எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டாள். காலையில் இருந்து வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போன எங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு அப்பிள் கேக் தந்தாள். இவர் அதை மூன்று தரம் சொல்லிக் காட்டாத வருசம் கிடையாது.

ஆகவே விடிய எழும்பிப் புட்டு அவித்தேன். கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். எல்லைக்கு இஞ்சால் கார் நிறுத்துமிடத்தில், டிக்கியைத் திறந்து வைத்துப் பரிமாறினேன்.

"அம்மா, அங்க நிறையத் தருவினம்" என்றான் ஜெராட்.

"வெள்ளைக்காரற்ற நிறையை நான் கண்டனான்" என்றார் இவர், கணவாயைக் கடித்தபடி.

"அவை நிறையத் தந்தாலும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் பஞ்சத்தில வந்த சனம் எண்டு நினைக்க மாட்டினமோ?" என்றேன் நான். "கொஞ்சம் வயித்தில போட்டுக்கொண்டு போனால் மரியாதையா இருக்கும்."

நான் சொன்ன கொஞ்சம் என்பது இரண்டு தட்டுப் புட்டு.

அரை மணித்தியாலத்தில் இங்கரின் வீட்டு வாசலில் நின்றோம். சிவப்புக் கல் வீடு, முன்னுக்கு வெள்ளைக் கம்பத்தில் எங்களுக்காகக் கொடி ஏற்றியிருந்தா. கிர்ஸ்டன் ஓடிவந்து என் கையைப் பிடித்து, ஜெராட் சொல்லிக் கொடுத்த ஒரே ஒரு தமிழ் வசனத்தைச் சொன்னாள்.

"சாப்பிட்டியளோ அம்மா?"

ஓம் என்றால் எங்கே என்று ஜெராட்டைக் கேட்பாள். கார் நிறுத்துமிடத்தில் டிக்கியில் வைத்து என்று சம்பந்தி வீட்டு வாசலில் நின்று சொல்ல ஏலுமா?

"இல்லைப் பிள்ளை" என்று தலையை ஆட்டினேன்.

எங்கள் ஆட்கள் என்றால் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள். இந்தப் பிள்ளை அதை உண்மை என்று நம்பிவிட்டது. திரும்பித் தாயிடம் என்னவோ சொல்ல, இங்கர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினா. நாங்கள் உள்ளே போனபோது, பெரிய கத்தியால் துண்டுகளை இன்னும் பெரிதாக வெட்டிக்கொண்டிருந்தா.

மேசையைப் பார்த்தேன். எத்தனை கேக்! கிறீம் போட்டது, பழம் போட்டது, சுருட்டினது, முறுக்கினது, தட்டுத் தட்டாகப் பிஸ்கற் வேறு.

"அம்மா, இது இந்தப் பக்கத்து வழமை" என்று ஜெராட் காதுக்குள் சொன்னான். "மெத்தெண்ட கேக் ஏழு, மொறுமொறுப்பானது ஏழு. முதல் மெத்தெண்டது, பிறகு மற்றது. எல்லாத்திலயும் ஒவ்வொண்டு சாப்பிடவேணும். வயசில மூத்த பொம்பிளை எடுத்தால்தான் மற்றவை எடுப்பினம்."

மேசையில் மூத்த பொம்பிளை நான்தான்.

முன்னொரு காலத்தில் இந்தப் பக்கம் ஜேர்மன்காரரின் கையில் இருந்ததாம். டென்மார்க்குக்காரர் கூடி இருந்து தங்கள் பாஷையில் பாடவும் கதைக்கவும் மண்டபம் வைத்திருந்தார்களாம். அங்கே மதுவுக்கு அனுமதி கொடுக்கவில்லையாம். அதனால் கோப்பி குடித்தார்கள், கோப்பிக்குப் பெண்கள் கேக் கொண்டுவந்தார்கள், உன் கேக்கா என் கேக்கா என்று போட்டி வந்து பதினாலாகிவிட்டது. இங்கர் சொல்ல ஜெராட் மொழிபெயர்த்தான். கேட்க எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. நாங்களும் சனிக்கிழமைகளில் மண்டபம் எடுத்து, றோல்ஸும் வடையும் கொண்டுபோய்த்தானே பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தோம்? ஆனால் நெஞ்சு உருகினாலும் வயிறு உருகவில்லை. அங்கே புட்டு நிறைந்து கிடந்தது.

இவரின் பக்கம் பார்த்தேன். இவருக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் சீஸும் தக்காளியும் இருந்தது.

"எனக்குச் சீனி வருத்தம் எண்டு தம்பி முதலே சொல்லிப்போட்டானாம்" என்றார் இவர், மாதா சுரூபம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"எனக்கு?" என்று ஜெராட்டைக் கேட்டேன்.

"அம்மாக்கு ஒரு வருத்தமும் இல்லை, எல்லாம் சாப்பிடுவா எண்டு சொன்னனான்" என்றான் பெருமையாக.

முதல் கேக், காலையில் பட்டர் பூசிச் சாப்பிடுகிற கறுப்புப் பாணைத் தூளாக்கிச் செய்து கிறீம் பூசினது. பாணில் கேக்கா என்று யோசித்தபடி சாப்பிட்டேன். இரண்டாவதைச் சாப்பிட்டேன். மூன்றாவதுக்கு மாதாவைக் கூப்பிட்டேன். நாலாவதுக்குச் சேலையை இடுப்பில் தளர்த்தினேன். ஐந்தாவதில் கணவாய் எழும்பி வந்து தொண்டைக்குக் கீழே நின்று எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு துண்டு முடியவும் இங்கர் அடுத்ததை வைத்தா. வைத்துவிட்டு என் வாயையே பார்த்தா. அந்த மனுசியும் அவ்வளவாகக் கதைக்கவில்லை. கதைக்காத இரண்டு பேருக்கும் நடுவில் கேக் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஆறாவதை வைத்துவிட்டுக் கோப்பி எடுக்க அவ குசினிக்குள் போன நேரம், என் கை என்னைக் கேட்காமலே வேலை செய்தது. கேக்கை வாய் துடைக்கிற கடதாசியில் சுற்றி, மடியில் இருந்த கைப்பைக்குள் விட்டது. உள்ளே செபமாலை, மருந்துக் குளிசைப் பெட்டி, எப்போதும் மடித்து வைத்திருக்கும் கடைப் பை. எல்லாவற்றுக்கும் மேலே கிறீம்.

திரும்பி வந்த இங்கர் வெறும் தட்டைக் கண்டு பூரித்துப் போனா. ஏழாவதும் அப்படியே போனது. மொறுமொறுப்பானவற்றில் ஒன்றை எல்லோருக்கும் முன்னால் சத்தமாகக் கடித்தேன், மிச்சம் ஆறும் பைக்குள். கடைசியைச் சுற்றும்போது நிமிர்ந்து பார்த்தால், கிர்ஸ்டன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

சரி, முடிந்தது, இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையோ தன் தட்டில் இருந்த இரண்டு பிஸ்கற்றைக் கடதாசியில் சுற்றி, மேசைக்குக் கீழால் மெல்ல என் மடிக்குத் தள்ளினாள்.

அந்த நிமிசமே அவள்தான் என் மருமகள் என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

பிறகு கோவில் பார்த்தோம். கூரையில் இருந்து ஒரு சின்னப் பாய்க்கப்பல் கயிற்றில் தொங்கியது. கடலுக்குப் போனவர்களுக்காகக் கட்டிவிட்டதாம். எங்கள் கடற்கரைக் கோவில் ஞாபகம் வந்து முழங்காலில் இருந்தேன். எழும்ப ஏலவில்லை. கும்பிட்டுக் களைத்தேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் கேக் விடவில்லை.

பொழுதுசாயக் கடலணைக்குப் போனோம். நீளமான புல்லு மேடு, படலை திறந்து உள்ளே போனால் எங்கும் செம்மறிகள். இவர் கொஞ்சம் தயங்கினார்.

"நான் ஆடு வளர்த்த வீட்டில பிறந்தனான்" என்றேன். "ஆடு ஒண்டும் செய்யாது. நீங்கள் வாங்கோ."

பத்தடி போயிருப்போம். ஒரு செம்மறி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. பின்னால் வந்தது. நான் வேகமாக நடந்தேன், அதுவும் வேகமாக நடந்தது. இன்னும் நாலு வந்து சேர்ந்தன.

"இஞ்சாருமப்பா, உம்மட சொந்தக்காரர் வருகினம்" என்றார் இவர்.

"சூ!" என்றேன். மன்னாரில் ஆடு கேட்கும். இது கேட்கவில்லை. நேரே வந்து கைப்பையின் காதைக் கவ்வியது. நான் இழுக்க, அது இழுக்க, சேலை கட்டி மேலே ஜக்கற்றும் காலில் விளையாட்டுச் சப்பாத்தும் போட்ட கிழவி ஒருத்தி டென்மார்க்கின் கடலணையில் செம்மறியோடு கயிறிழுத்தாள்.

"விடுங்கோ அம்மா!" என்று ஜெராட் கத்தினான்.

"உள்ளுக்குச் செபமாலை இருக்கடா!" என்று நான் கத்தினேன்.

பையின் வாய் திறந்தது. பொட்டலங்கள் ஒவ்வொன்றாகப் புல்லில் விழுந்து விரிந்தன. பழம் போட்டது, சுருட்டினது, முறுக்கினது. செம்மறி கிறீம் கேக்கைத்தான் முதலில் தின்றது. (அதற்கும் மெத்தென்றது முதல் என்று தெரிந்திருக்கிறது.)

இங்கர் குனிந்து பார்த்தா. அவ நாலு நாள் நின்று சுட்ட கேக்குகள். தலைக்கனம் பிடித்த தாய் என்று முதலில் பெயர், இனிக் கள்ளி என்றும் பெயர். மகனின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இந்த முறை வாயைத் திறக்காவிட்டால் இந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே இல்லை என்று மட்டும் விளங்கியது.

புட்டு, கணவாய், டிக்கி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். எல்லைப் பக்கத்து இங்கருக்கு ஜேர்மன் விளங்கும், ஆனால் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் அதற்குச் சொல் இல்லை. வந்தது நாலே சொற்கள்.

"ஸேர் கூட்" என்றேன். மிக நல்லது என்று அர்த்தம். பிறகு, ஏன் என்று தெரியாமல், "நாக் ஹவுஸ" என்றேன். வீட்டுக்கு.

இங்கரின் கண் கலங்கிவிட்டது. வந்து என்னைக் கட்டிப்பிடித்து, ஜெராட்டுக்கு என்னவோ வேகமாகச் சொன்னா.

"அம்மா," என்றான் அவன், குரல் ஒரு மாதிரி இருந்தது. "தன்ர கேக்கை ஒருத்தரும் இதுவரைக்கும் ஆசைப்பட்டு வீட்டுக்கு ஒளிச்சுக் கொண்டுபோனதில்லையாம். நீங்கள் சாப்பிடுவியளோ, தன்னைப் பிடிக்குமோ எண்டு நாலு நாளாப் பயந்துகொண்டு இருந்தவவாம்."

கிர்ஸ்டன் மற்றப் பக்கம் திரும்பி நின்றாள். அவளின் தோள் குலுங்கியது. அது அழுகை அல்ல என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம்தான் குருவிகள் வந்தன. முதலில் புகை மாதிரி, பிறகு வானம் முழுக்க. சுருண்டு, விரிந்து, வலை வீசினது மாதிரி விழுந்து எழும்பின. செட்டைச் சத்தம் கடல் இரைகிற மாதிரிக் கேட்டது. இங்கர் என் கையை விடவில்லை. கதைக்கவும் இல்லை. நானும் கதைக்கவில்லை. கதைக்காமல் இருந்ததை ஒருவரும் தலைக்கனம் என்று நினைக்காதது எனக்கு அதுதான் முதல் தடவை.

வெளிக்கிடும்போது ஒரு பெரிய தகரப் பேணி தந்தா. பதினாலு வகையும் அதற்குள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி இப்போது நாலு வருசம். கல்யாண வீட்டில் இங்கர் தன் சொந்தக்காரர் எல்லோருக்கும், "இதுதான் அந்த அம்மா" என்று என்னைக் காட்டினா. மணமக்கள் எனக்குத் தந்த பரிசு ஒரு கைப்பை. உள்ளே பிளாஸ்ரிக் பெட்டி வைத்துத் தைத்தது. எங்கள் வீட்டில் யாராவது சாப்பாடு போதும் என்று சொன்னால், "பையில போடவோ?" என்று மருமகள்தான் இப்போது கேட்கிறாள், நல்ல தமிழில். இவர் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடும் நாளெல்லாம், "உம்மட சொந்தக்காரர் நல்ல ருசியப்பா" என்கிறார்.

பைக்குள் இருந்தது எத்தனை என்பதில் இன்னும் சண்டை. எட்டும், கிர்ஸ்டனின் இரண்டும், மொத்தம் பத்து என்கிறேன் நான். இவர் பதினாலும் என்கிறார். அந்தக் கோவிலின் பெயரும் ஊரின் பெயரும் எனக்கு மறந்துவிட்டது. மெத்தென்றது ஏழு, மொறுமொறுப்பு ஏழு என்பதும் சரியோ தெரியாது. அச்சடிக்க முதல் யாராவது தெரிந்த பிள்ளைகள் இதையெல்லாம் ஒருக்கால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கோ. ஜெராட்டைக் கேளுங்கோ, கிர்ஸ்டனைக் கேளுங்கோ, வேண்டுமென்றால் இவரைக்கூடக் கேளுங்கோ.

இங்கரை மட்டும் கேட்டுவிடாதேங்கோ. உண்மை தெரிந்தால் அவ இப்போதும் அனுப்புகிற கேக் பேணி வராது. போன கிழமை வந்ததில் கறுப்புப் பாண் கேக் முடிந்துவிட்டது. செம்மறி ஒன்றும் இங்கே இல்லை, நான்தான் முடித்தேன்.