இந்த ஊரில் வேறு எலக்ட்ரீசியனே இல்லையா?

அலெக்சாந்திரியா,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ரிஃபாத் அவர்களுக்கு,

உங்கள் மீதும், உங்கள் துணைவியார் மீதும், தந்தாவில் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் மாவு மில் மீதும் ஆண்டவனின் சாந்தி இறங்கட்டும். இங்கே நானும் உங்கள் தங்கை இஜ்லாலும் சுகம். வீட்டு விளக்குகளுக்குத்தான் சுகமில்லை. அந்தியில் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் பிரேக்கர் 'டப்' என்று விழுகிறது, வீடே இருண்டுபோகிறது.

விழுந்தால் விழட்டும். ஆனால் பார்க்க வருவது யார் தெரியுமா? வஜ்தி! எனக்கு முன்னால் இஜ்லாலைப் பெண் கேட்டு, உங்கள் தகப்பனார் மறுத்துவிட்டாரே, அதே வஜ்தி. பெருநாள் முடிந்ததும் எங்கள் கீழ்மாடிக்கே குடிவந்துவிட்டான். மனைவியை இழந்தவன், ஆனாலும் மீசைக்குச் சாயம் தவறுவதில்லை. ஏணியில் அவன் நிற்பான், கீழே இவள் டார்ச் பிடிப்பாள். "இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க, இஜ்லால்" என்பான். முன்னால் இருந்த 'மேடம்' எங்கே போயிற்று, மச்சான்? எனக்கு டாக்டர் பேச்சைக் கேட்டு வெறும் தேநீர், அவனுக்குப் புதினா போட்டுத் தித்திக்கத் தித்திக்க! அவன் போன மறுநாளே பிரேக்கர் மறுபடி விழும், மறுபடி வருவான். பயல் வேண்டுமென்றே அரைகுறையாகப் பார்க்கிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது.

நேற்று, "இனிமே அந்த ஆள் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது, நானே பாக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். சுங்க இலாகாவில் அத்தனை வருஷம் பெட்டி பெட்டியாகக் குடைந்தவனுக்கு ஒரு வயரின் திருட்டு அகப்படாதா? எல்லாச் சுவிட்சையும் அணைத்து, பிரேக்கரைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் போட்டேன். சமையலறை, படுக்கையறை, கூடம் எல்லாம் எரிந்தன. பால்கனி விளக்கும் எரிந்தது. புழுக்கமாக இருக்கிறதே என்று பால்கனிக் கதவைத் திறந்தேன். கடற்காற்று குபீரென்று உள்ளே வந்தது, கூடத்துச் சுவரில் எங்கள் கல்யாணப் படம் ஆடியது, டப்!

மெயினை அணைத்துவிட்டுப் படத்தை இறக்கி ஆணியைப் பிடுங்கினேன். நுனி கரிந்திருந்தது. பால்கனிக்குப் போகும் வயரைக் குத்திக்கொண்டு நின்றிருக்கிறது. அடித்தவன் நான்தான், மச்சான். பீரோ மேல் துணி சுற்றிக் கிடந்த படத்தை, வஜ்தி குடிவந்த மறுநாள், உள்ளே நுழைந்ததும் அவன் கண்ணில் படட்டும் என்று மாட்டினேன்.

இஜ்லால் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "படத்தைக் கழட்டிப் பாக்கணும்னு அவரு மொத நாளே சொன்னாருங்க. நான்தான் கூடாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"இத்தனை வருஷத்துல இப்பத்தான் அதை வெளிய எடுத்திருக்கீங்க. கழட்டினா மறுபடி பீரோ மேல போட்டுடுவீங்க. அதுக்கு இருட்டுலயே இருந்துட்டுப் போறேன்."

நானே கீழே போய் வஜ்தியைக் கூட்டிவந்தேன். அவன் சுவரைக் கொத்தி வயரை மாற்றினான். டார்ச்சை நான் பிடித்தேன். படத்தை எதிர்ச்சுவரில், அவன் காட்டிய இடத்தில் மாட்டினோம். "உஸ்தாத், இதுல நீங்க ரொம்ப ஒல்லியா இருக்கீங்க" என்றான். வறுத்த மீன் போட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நானே பிடித்து உட்கார வைத்தேன். பொறாமை என்ற வியாதி என்னைவிட்டு அடியோடு போய்விட்டது, மச்சான். என் இல்லாளைப்போல் ஒருத்தி எகிப்திலேயே இல்லை. உங்கள் மில் குறைவின்றி அரைக்கட்டும், உங்கள் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனன் ஃபிக்ரி

பின்குறிப்பு: இன்று காலை குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்று குழாய்க்காரன் ஒருவன் வந்தான். முப்பது வயதுகூட இராது. வேலை செய்துகொண்டே பாடுகிறான். நல்ல குரலாம், உங்கள் தங்கை சொல்கிறாள். மில்லில் பெரிய குழாய்க் குறடு இருந்தால் அடுத்த ரயிலிலேயே கொடுத்தனுப்பவும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.