நாற்சில்லுப் பிக்கப் படகிழுத்த படலம்

அலைகாள், சற்றே அடங்குமின்! ஊர்காவற்றுறைக் கரையில் வலை உலர்த்தும் மாந்தரே, கைவேலையை வைத்துவிட்டுச் செவி தாரீர்! இறுப்பிட்டி ஈன்ற ஏந்தல், முப்பது தென்னைக்கும் ஒரு கிணற்றுக்கும் தனிக்கோமான், மடித்துக் கட்டிய சாரமே கவசமாகக் கொண்ட தீரன் இரத்தினசபாபதியாரின் புகழைப் பாடப் புகுந்தேன். அவர் ஊர்ந்த புரவியின் புகழையும் சேர்த்தே பாடியாக வேண்டும். அவர் ஒருநாளும் இரண்டையும் பிரித்துப் பேசியதில்லை.

அப்புரவியாவது, டீசல் உண்டு கரும்புகை கக்குவது. முற்காலத்தில் பச்சை, இக்காலத்தில் பெரும்பகுதி துரு. வலக்கதவு வெளியிலிருந்து மட்டுமே திறப்பது. ஆயினும் கியர்த் தடிக்கு அருகே சிறுதடி ஒன்று முளைக்கப் பெற்று, அதை இழுத்த மாத்திரத்தில் நான்கு சில்லும் ஒருமனப்பட்டு மலையையும் பெயர்க்க வல்ல குட்டிப் பிக்கப். மலையே இல்லாத தீவில் அதை எப்படிச் சோதித்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். பதினோராண்டாகத் தீவுகளை இணைக்கும் தாம்போதிச் சாலையில் எதிர்ப்பட்டவரையெல்லாம் மறித்து, "இது ஃபோர் வீல், தெரியுமோ?" என்று அவர் முழங்கிய முழக்கம் வேலணை வரைக்கும் கேட்டிருக்கிறது.

போர் மூண்ட காரணம் கேளீர். பெருமானின் இல்லக்கிழத்தி, முற்றத்தில் சொட்டிய எண்ணெய்க் கறையைப் பதினோராண்டு சாம்பல் போட்டுத் தேய்த்த பொறைக்கடல் சிவயோகம் அம்மையார், அன்று காலை பொங்கி எழுந்தார். அவருடைய தம்பி வாகீசனின் படகு அடியில் வெடித்து நீர் ஏறத் தொடங்கியிருந்தது. அனலைதீவில் இருந்த அவன் தோட்டத்தில் புகையிலைக் கன்று நடும் காலம். படகு இல்லாவிட்டால் அவனுக்குத் தோட்டம் இல்லை. அதைக் கரைக்கு இழுத்துத் திருத்த வேண்டும், செல்வரத்தினத்தின் டிராக்டரைக் கூப்பிடுவோம் என்றார் அம்மையார். பொறுப்பாரா நம் தலைவர்? அடுப்படிக்கும் கேட்க, அயல்வளவுக்கும் கேட்கச் சூளுரைத்தார்.

"சிவயோகம், நீர் இருந்து பாரும்! இண்டைக்கு என்ர பிக்கப் அந்தப் போட்டை இழுக்காட்டி, பின்னேரமே இதைச் செல்வரத்தினத்துக்குக் குடுத்துப்போடும். நான் வாய் திறக்கமாட்டன்!"

"சரி. பிறகு சொல்லு மாறப்படாது," என்றார் அம்மையார்.

செல்வரத்தினம் அந்தப் பிக்கப்பை நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஓட்டுவதற்கு அல்ல. பின்பெட்டிக்கு வலை அடித்துக் கோழி வளர்ப்பதற்கு.

உச்சிவெயில் உருக்கிய அவ்வேளை, கடல் வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் படகைச் சுற்றிச் சேறு மட்டுமே மிஞ்சும். பிக்கப்போடு கயிற்றால் பிணைத்து நீருக்குள் இறக்கிய ட்ரெயிலரின் மேல் படகு வீற்றிருக்க, முழங்காலளவு தண்ணீரில் நின்று வாகீசன் அதன் பின்புறத்தைத் தாங்க, வேண்டாவிட்டாலும் வந்து சேர்ந்த செல்வரத்தினம் தன் டிராக்டரில் சாய்ந்து கச்சான் கடலைக் கோது உடைத்துக்கொண்டிருக்க, கரையை நோக்கி முகம் திருப்பி நின்ற பிக்கப்பினுள் கோலோச்சினார் இரத்தினசபாபதியார். சிறுதடியை இழுத்தார். "ஃபோர் வீல் போட்டாச்சு! எல்லாரும் விலத்துங்கோ!" என்று ஆணையிட்டார். ஆணைக்கு விலக அங்கே வேறு ஒருவரும் இல்லை.

ஐயகோ, அந்த முதற்சமரை எங்ஙனம் உரைப்பேன்! எஞ்சின் பிளிறியது, பனைகளில் இருந்த காகம் அனைத்தும் அனலைதீவுப் பக்கம் புலம்பெயர்ந்தன, கரும்புகைப் படலம் கதிரவனை மறைத்தது, படகு ஒரு சாண் நகர்ந்தது. நகர்ந்த படகு நின்றது. பின்சில்லுகள் இரண்டும் மணலைத் தோண்டி வாகீசனின் முகத்தில் அர்ச்சனை செய்தன. இரண்டாம் சமரில் தென்னோலை பரப்பினார்கள். ஓலை பறந்து போனது. மூன்றாம் சமரில் கிளச் தீய்ந்த மணம் கரையெங்கும் கமழ, பின்சில்லுகள் பாதிவரை புதைந்தன. முன்சில்லுகளோ, கலியாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல, ஒரு வேலையும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றன.

"அண்ணை, கயித்தை என்ர டிராக்டரில கட்டட்டோ?" என்றார் செல்வரத்தினம், பணிவோடுதான். பிறகு பின்பெட்டியை ஒருமுறை கண்ணால் அளந்தார். "நல்ல காத்தோட்டம். ஒரு முப்பது கோழி நிக்கும்."

தலைவர் ஸ்டியரிங் வளையத்தை ஒருமுறை தடவினார். பதினோராண்டு கழுவித் துடைத்த பிக்கப் கோழிக்கூடாகப் போகிறது. கண் கலங்கிவிட்டது. பகடி பேச வந்த எனக்கே சிரிப்பு வரவில்லை, பாவம் மனுசன்.

அப்போதுதான், அதுவரை கரையில் நின்று பார்த்த அம்மையார் பிக்கப்பின் முன்புறம் வந்தார். வேலை செய்யாமல் நின்ற இடப்பக்கச் சில்லை உற்று நோக்கினார். அதன் நடுக்குமிழில் ஒரு விரற்கடைத் தடிப்புக்குச் சந்தனம் படிந்து இறுகிக் கிடந்தது. ஆண்டுதோறும் ஆயுதபூசைக்கு அம்மையாரே தம் திருக்கரத்தால் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, "கழுவப்படாது, தோசம்" என்று காவலும் போட்ட சந்தனம். கீழே கிடந்த ஒரு சிப்பியை எடுத்துச் சுரண்டினார். பழைய பூசைகள் பொருக்குப் பொருக்காக உதிர, அடியிலிருந்து ஒரு திருகியும், ஓர் அம்புக்குறியும், இரண்டு சொல்லும் வெளிப்பட்டன.

யன்னலருகே குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இஞ்சாருங்கோ. சில்லில லொக் எண்டும் ஃப்ரீ எண்டும் எழுதிக் கிடக்கு. இது ஃப்ரீயில நிக்குது."

தலைவர் விழித்தார். இறங்கி அந்தத் திருகியைத் திருப்பினாலன்றி முன்சில்லுக்கு விசை போகாது என்பது அவருக்கு அக்கணமே விளங்கிற்று. "எப்ப துடக்கம்?" என்றார் ஈனசுரத்தில்.

"வாங்கின நாள் துடக்கம்."

பதினோராண்டு! தாம்போதி முழக்கம் அத்தனையும் வெறும் இரண்டு சில்லின் முழக்கம்! ஒரு மனிதரின் மானம் முழுதும் அவ்வேளை ஓர் அம்மையாரின் நுனிநாக்கில் தொங்கிற்று. பத்தடி பின்னால் செல்வரத்தினத்தின் காது இருந்தது. ஒரு சொல் போதும், ஏழு தீவும் சிரிக்கும். அம்மையார் கணவரின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்; கடலும் கேட்கச் சாற்றினார்:

"சில்லில மண் அடைச்சுப் போச்சு! துடைச்சு விடுறன், பொறுங்கோ!"

இரண்டு முன்சில்லையும் சுரண்டினார், திருகினார். நான்காம் சமர் தொடங்கிற்று. ஆகா, முன்சில்லுகள் மணலைக் கவ்வின. சோம்பிக் கிடந்த வீரர் இருவர் பதினோராண்டு உறக்கம் கலைந்து எழுந்தார்கள். கயிறு நாணென விறைக்க, ட்ரெயிலர் முனகி உருள, படகு வயிற்றிலிருந்து நீர் சொரிய ஊர்ந்தூர்ந்து வந்து கரையேறி நின்றது. வாகீசன் தலையில் கைவைத்துச் சிரித்தான். செல்வரத்தினம் மிச்சக் கச்சானைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாகீசன் வந்து கதவைத் திறந்துவிட, இறங்கினார் வெற்றித் திருமகன். படகின்மேல் ஒரு கை ஊன்றி, மறுகையைச் செல்வரத்தினத்தை நோக்கி நீட்டி, "பாத்தீரோ! இதுதான் ஃபோர் வீல்!" என்று தொடங்கியவர், முறுக்குவிசையின் மகிமை, ஜப்பானியரின் மதிநுட்பம், அனுபவமில்லாத கையில் இப்படிப்பட்ட வாகனம் படும் பாடு என்று கால்மணி நேரம் பொழிந்து தள்ளினார். பொழிந்து முடித்துத் திரும்பியபோது ஸ்டியரிங் வளையத்துக்குப் பின்னால் அம்மையார் அமர்ந்திருந்தார். ஒன்பதாண்டுக்கு முன் எடுத்து, ஒருநாளும் பயன்படுத்த விடப்படாத லைசென்ஸ் அவர் மடியில் இருந்தது.

"பிக்கப்பை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை, பயப்பிடாதேங்கோ," என்றார் அவர். "அந்தப் பக்கத்தால ஏறுங்கோ. இல்லாட்டி நான் செல்வரத்தினத்தோட அந்தச் சில்லைப் பற்றிக் கொஞ்சம் கதைச்சிட்டு வாறன்."

வீடு வரைக்கும் சிவயோகம்தான் ஓட்டினார்.