ஒத்தக்கடை உளவாளியும் எழுமலைக் கடலையும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு வீட்டுல குடுத்த வேலை ஒன்னே ஒன்னுதான். எழுமலைக்குப் போயி ஒரு பையனப் பத்தி விசாரிச்சுட்டு வரணும்.

பையன் பேரு செந்திலு. என் கொழுந்தியா கௌசிக்குப் பாத்திருக்க மாப்பிள்ளை. சொந்தமா வெவசாயம், பஜார்ல மோட்டார் பம்புக் கடை. ஜாதகம் பொருந்திருச்சு. பொண்ணக் குடுக்குறதுக்கு முன்னாடி, மாப்பிள்ளை ஊரு டீக்கடையில போயி உக்காந்து, யாருக்கும் தெரியாம நாலு பேருகிட்ட பேச்சுக் குடுத்துட்டு வர்றது எங்க பக்கத்துப் பழக்கம். மாமனாருக்கு முட்டி வலி. மச்சினன் திருப்பூர்ல இருக்கான். மிச்சம் யாரு? நான்தான்.

கெளம்புற நேரத்துக்கு செக்கானூரணில இருந்து கௌசி ஃபோன் போட்டா.

"மாமா, குடிப்பாரா, சீட்டாடுவாரான்னு எல்லாம் அப்பா கேப்பாரு. எனக்கு ஒன்னுதான். கோவக்காரரான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

"பாத்துருவோம்மா."

"மாமா... எனக்கு அவரப் புடிச்சிருக்கு. போயி கெடுத்துறாதீங்க."

என் மேல எம்புட்டு நம்பிக்கை பாருங்க!

என்னையப் பத்திச் சொல்லிருறேன். தல்லாகுளத்துல ஒரு ஆபீஸ்ல கிளார்க்கு. எனக்கு உருப்படியாத் தெரிஞ்சது ரெண்டே விஷயம். ஒன்னு, உளவாளிக் கதை. இன்னொன்னு, நாம திங்கிற பயிரு எந்த நாட்டுல இருந்து வந்துச்சுங்கிற துணுக்கு. இந்த ரெண்டையும் வச்சு ஆபீஸ் க்விஸ்ல ஒரு எவர்சில்வர் டப்பா ஜெயிச்சிருக்கேன். என் வீட்டுக்காரி செல்வி அதுல பெருங்காயம் போட்டு வச்சிருக்கா.

பேரு போன உளவாளிக் கதை ஒன்னுல, பறவையப் பத்திப் புத்தகம் எழுதுன ஒருத்தரோட பேரத்தான் தூக்கி கதாநாயகனுக்கு வச்சாங்களாம். அப்ப நான் யாரு? பயிரப் பத்திப் புத்தகம் எழுதுறவன்! தோள்ல ஜோல்னாப் பை, சட்டைப் பையில ரெண்டு பேனா, கண்ணுக்குக் கூலிங் கிளாஸ்.

செல்வி ஏற எறங்கப் பாத்தா. "எங்க, பூச்சி மருந்து விக்கவா போறீங்க?"

"மாறுவேஷம்டி."

"மீசைய எடுத்தாத்தான் மாறுவேஷம். வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க."

மீசைய எடுக்க மனசு வரல. வளத்த மீசை.

ஸ்கூட்டர்ல உசிலம்பட்டியத் தாண்டி எழுமலை போயிச் சேந்தப்ப இடுப்பு கழண்டு போச்சு. பஜார்ல ஒரு டீக்கடை. உளவாளி எப்பவும் வாசலப் பாத்துத்தான் உக்காரணும்னு படிச்சிருக்கேன். கடைக்கு வாசலே இல்ல. நாலு பக்கமும் தெறந்து கெடந்துச்சு. சரின்னு தெருவப் பாத்து உக்காந்தேன்.

பக்கத்துல ஒரு பெரிய மீசைக்காரர் பேப்பர் படிச்சிட்டிருந்தாரு.

"தம்பி யாரு, ஊருக்குப் புதுசா இருக்கு?"

"பயிரப் பத்திப் புத்தகம் எழுதுறேண்ணே. உங்க ஊருல என்னென்ன போடுறீங்க?"

"கடலை, மக்காச்சோளம், தக்காளி, மொளகா..."

அம்புட்டுத்தான். என் வாயி சும்மா இருக்குமா?

"அண்ணே, நீங்க சொன்ன நாலுமே நம்ம ஊருச் சரக்கு இல்ல, தெரியுமா? அம்புட்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கப்பல்ல வந்தது!"

டீ ஆத்திட்டிருந்தவர் கை அப்பிடியே நின்னுருச்சு. "மொளகாயுமா?"

"மொளகாயுந்தான்."

"அப்ப நம்ம ஆளுக காரத்துக்கு என்னத்தப் போட்டாய்ங்க?"

"மொளகு."

"உருளைக்கெழங்கு?"

"அதுவும் கப்பல்தான்."

"அப்ப போண்டாவுக்குள்ள என்னதாய்யா வச்சாய்ங்க?"

மூலையில இருந்து ஒரு பெருசு எந்திரிச்சுருச்சு. "எங்க பாட்டன் காலத்துல இருந்து கடலை போடுறோம். கப்பல்ல வந்துச்சாம்ல! எழுமலைக்கு எந்தப் பக்கம்யா கடல் இருக்கு?"

சத்தம் கேட்டு, பஸ்ஸுக்கு நின்ன ஆளுகளும் வந்துட்டாய்ங்க. உளவாளின்னா கூட்டத்தோட கூட்டமா நிக்கணும். இங்க கூட்டமே என்னையச் சுத்தித்தான் நின்னுச்சு.

இனி தாமதிச்சா ஆகாதுன்னு மெதுவா வேலைய ஆரம்பிச்சேன். "ஏண்ணே, இந்தப் பம்புக் கடை செந்திலு மக்காச்சோளம் போட்டிருக்காராமே. வெளைச்சல் கொறைஞ்சா ரொம்பக் கோவப்படுவாரோ?"

மீசைக்காரர் பேப்பர மடிச்சு வச்சாரு.

"தம்பிக்கு எந்த ஊரு?"

கதையில உளவாளி நகத்தப் புடுங்குனாலும் ஊரு பேரச் சொல்ல மாட்டான். ஆனா எங்க பக்கத்துல ஒரு பெரிய மனுசன் எந்த ஊருன்னு கேட்டா, வாயி தானா தெறந்துரும். பொறந்ததுல இருந்து பழக்கம், என்ன செய்ய?

"ஒத்தக்கடைண்ணே."

"பூர்வீகமே அதானா?"

"இல்லண்ணே, பேரையூர் பக்கம்."

"பொண்ணெடுத்தது?"

"செக்கானூரணி."

"செக்கானூரணில யாரு வீடு?"

"மாவு மில்லுக்காரர் வீடு."

"கொழுந்தியா இருக்கா?"

"இருக்கு... இல்லண்ணே."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா அதுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இல்லண்ணே."

பின்னாடி யாரோ குபீர்னு சிரிச்சாய்ங்க. டீயப் பாதியில வச்சுட்டு, "வாரேண்ணே"ன்னு எந்திரிச்சு ஓடுனேன். பதட்டத்துல பின்னாடி பாக்காம ஸ்கூட்டர இழுத்தேன் பாருங்க, அங்க நின்ன பைக்கு மேல போயி இடிச்சு, பைக்கு சாஞ்சு, ஹெட்லைட்டு சில்லு சில்லாப் போச்சு. புத்தம் புது பைக்கு. பூசை போட்ட சந்தனம் கூட அழியல. அதுக்கு மேலயே நானும் விழுந்தேன்.

எதிர்க் கடையில இருந்து ஒரு ஆளு ஓடி வந்தாரு. இன்னைக்கு அடி நிச்சயம்னு கண்ண மூடிக்கிட்டேன்.

அவரு பைக்கத் தூக்கல, என்னையத் தூக்குனாரு. முட்டியில இருந்த மண்ணத் தட்டி விட்டாரு.

"அடி எதுவும் படலையே சகலை?"

சகலையா! கொழுந்தியாளக் கட்டுறவரு மட்டுந்தான் என்னைய அப்பிடிக் கூப்பிட முடியும். நிமிந்து பாத்தா, ஜாதகத்தோட வந்த ஃபோட்டோவுல இருந்த அதே மூஞ்சி. செந்திலு!

"எ... எப்பிடித் தெரியும்?"

"கௌசி ஃபோட்டோவ நீங்கதான வாட்ஸப்ல அனுப்புனீங்க? அதுல ஓரத்துல பந்தக்காலப் புடிச்சுட்டு நிக்கிறீங்க. உங்க டிபியிலயும் இதே மீசை. இதே கூலிங் கிளாஸ்."

உளவு பாக்கப் போற ஊருக்குத் தன் ஃபோட்டோவ முன்கூட்டியே அனுப்பி வச்ச உளவாளி, எந்தக் கதையிலயும் கெடையாது மக்களே.

செந்திலு மீசைக்காரரக் கை காமிச்சாரு. "அவரு எங்க தாய்மாமா. நீங்க வண்டிய நிப்பாட்டுனப்பவே கண்டுபுடிச்சுட்டாரு. பாவம், வேஷமெல்லாம் போட்டு வந்திருக்கீங்க, கெடுக்க வேணாம்னு சும்மா இருந்தோம்."

எனக்கு அப்பிடியே பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. "தம்பி, இந்த பைக்கு யாருது?"

"என்னோடதுதான், போன வாரம் எடுத்தது. விடுங்க சகலை, லைட்டுதான?"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. கெளம்புறப்ப ஒரு பை நெறையா கடலையக் கட்டி வண்டியில வச்சும் விட்டாரு. தாய்மாமன் பின்னாடி இருந்து சத்தம் போட்டாரு. "கப்பல்ல வந்த சரக்கு தம்பி, நனையாமக் கொண்டு போங்க!"

வீட்டுக்குள்ள கால வைக்கல, கௌசி ஃபோன்.

"மாமா, கோவக்காரரா?"

"இல்லம்மா. தங்கமான பையன்."

"நல்லாத் தெரியுமா?"

"புது பைக்க ஒடைச்சே பாத்துட்டேன்."

"அய்யோ மாமா! கெடுத்துறாதீங்கன்னுதான சொன்னேன்?"ன்னு அழுதுட்டா. என் கூத்தால ஒரு நல்ல எடம் கை விட்டுப் போயிருமோன்னு நெஜமாவே பயந்துட்டேன். செல்வி என் முகத்தக் கூடப் பாக்காம கடலை உரிச்சிட்டிருந்தா.

சாயங்காலம் மாமனார் கூப்புட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"மாப்ள, பையனோட தாய்மாமா பேசுனாரு. பொண்ணு கோவக்காரியா இருக்குமோன்னு அவங்களுக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சாம். இன்னைக்கு உங்களப் பாத்ததும் தீந்துருச்சாம்."

"என்னையப் பாத்தா?"

"ஆமா. 'இந்த மனுசன வச்சு இம்புட்டு வருசமாக் குடும்பம் நடத்துறாங்கன்னா, அந்த வீட்டுப் பொண்ணுகளுக்குப் பொறுமைக்குக் கொறைச்சலே இருக்காது, நிச்சயதார்த்தத் தட்ட மாத்திருவோம்'னுட்டாரு."

செல்வி கடலை உரிக்கிறத நிப்பாட்டுனா. "அப்பா, சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."