தயிர் சொட்டும் வீட்டிலிருந்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே உங்கம்மா சௌக்கியம், நான் சௌக்கியம், ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்திருக்கிற தயிர் டப்பாக்களும் பரம சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடுதாசி எதற்கு என்று நினைக்காதே. போனில் நான் வாயைத் திறந்தால் உங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்கிறாள். பேப்பரில் அந்தத் தொந்தரவு கிடையாது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எட்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு பிரஷ்ஷைப் பிடித்த கை இது. சுவரில் எழுதச் சொன்னால் அழகாக எழுதும், பேப்பரில் கொஞ்சம் நடுங்கும்.

விஷயம் என்னவென்றால், போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, "அப்பா, அம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தும் சரியாவே சாப்பிடறதில்ல, இப்படியே மெலிஞ்சிட்டுப் போனா நான் வந்து எங்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று, அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ சொன்னது நியாயம்தான். நெஞ்சு வலி வந்தவளுக்கு வெண்ணெய் கூடாது, க்ரீம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவை போடுகிற இடத்திலெல்லாம் தயிரைப் போடுங்கள், உடம்புக்கும் நல்லது, ருசியும் போகாது என்று நீ சொல்லிக்கொடுத்தாய். செய்தேனா என்று கேட்டால், செய்தேன். எப்படிச் செய்தேன் என்றுதான் நீ கேட்கக் கூடாது. கேட்கமாட்டாய் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

முதல் நாள் தக்காளி சூப். க்ரீமுக்குப் பதில் தயிர் என்றாய். பதில் என்றால் பதில்தானே என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிரை அப்படியே கொதிக்கிற சூப்பில் கவிழ்த்தேன். கவிழ்த்ததுதான் தாமதம், தயிர் பயந்துபோன மாதிரி குறுணை குறுணையாத் திரிஞ்சு, சிவப்புத் தண்ணி தனி, வெள்ளைத் துகள் தனின்னு பிரிஞ்சு நின்னுது. கலக்கினேன். இன்னும் திரிஞ்சுது. வேகமாக் கலக்கினேன். என் சட்டையில கொஞ்சம், சுவத்துல கொஞ்சம். காலமெல்லாம் பெயிண்ட் கலக்கற ஆளுக்கு ஒரு கப் தயிரைக் கலக்கத் தெரியலையேன்னு எனக்கே வெட்கமாப் போச்சு. இருந்தாலும் கிண்ணத்துல ஊத்திக் கொண்டுபோய்க் குடுத்தேன். உங்கம்மா ஸ்பூனால தூக்கிப் பாத்துட்டு, "என்னங்க, இது குடிக்கறதுக்கா, சுவத்துல ஓட்டை அடைக்கறதுக்கா?"ன்னா. "ரெண்டுக்கும் ஆகும்"னேன். சிரிப்பாளான்னு பாத்தேன். சிரிக்கல. கிண்ணத்தைத் தள்ளி வெச்சுட்டு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டா. அந்த சூப்பை ராத்திரி நான்தான் குடிச்சேன். அதைப் பத்தி மேல எதுவும் கேக்காதே.

அடுத்தது ரொட்டி. வெண்ணெய்க்குப் பதிலா கெட்டித் தயிர் தடவணும், துணியில கட்டித் தொங்கவிட்டா தண்ணி வடிஞ்சுடும்னு சொன்னே. எந்தத் துணின்னு சொன்னியா? வீட்டுல மெல்லிசா இருந்தது பெயிண்ட் வடிகட்டற துணிதான். புதுசும்மா, பொட்டலம் பிரிக்காதது, உன் மேல சத்தியம். அதுல மூட்டை கட்டி, பால்கனிக்கு வெளியே நீட்டிட்டிருக்கற கொடியில தொங்கவிட்டேன். அடியில ஒரு கிண்ணம் வெக்கணும்ங்கற ஞானம் இல்லாம, பெரிய வேலை முடிச்ச மாதிரி மத்தியானத் தூக்கம் போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல கதவை இடிக்கற சத்தம். திறந்தா கீழ்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், வழுக்கைத் தலையில கைக்குட்டையைப் போத்திட்டு நிக்கறார். "பெயிண்டரே, உங்க வீட்டுல எங்கயோ பைப் உடைஞ்சிருக்கு. நான் பேப்பர் படிக்கவா, குளிக்கவா?"ன்னு கத்தறார். கையோட பிளம்பரையும் கூட்டியாந்துட்டார். அந்தப் பிளம்பர் பாத்ரூம், சமையலறை, மொட்டை மாடித் தொட்டின்னு எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாத்தார், ஒரு பொட்டு ஒழுகல. கடைசியில பால்கனிக்குப் போய் மூட்டையைப் பாத்தார். ஒரு சொட்டை விரல்ல ஏந்தினார். மோந்தார். நாக்குல வெச்சார். "ஐயா, பைப்புல கோளாறு இல்லீங்க. தயிர்தான் கொஞ்சம் புளிச்சிருக்கு"ன்னார்.

வாத்தியார் கைக்குட்டையை எடுத்து மோந்து பாத்துட்டு, "அதான் ஈ விடாம மொய்க்குதா!"ன்னார். அந்த நேரம் பாத்து உள்ளே கட்டில்லேர்ந்து ஒரு மாதிரி சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா உங்கம்மா தலகாணியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுக் குலுங்கறா. "என்னம்மா செய்யுது? நெஞ்சா? மாத்திரை எடுக்கவா?"ன்னு நான் பதற, அவ மூச்சுப் பிடிச்சுக்கிட்டு, "அந்த மனுஷனுக்கு ரெண்டு ரொட்டி குடுத்து அனுப்புங்க... தொட்டுக்கத்தான் தலையிலேயே இருக்கே!"ன்னா. சிரிக்கறாம்மா! கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிக்கறா. நான் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். வாத்தியார் என்னைத் திட்டினதெல்லாம் காதுக்குச் சங்கீதமா இருந்துது.

அந்தத் தைரியத்துல நேத்து உருளைக்கிழங்கு மசியல் செஞ்சேன். இந்தத் தடவை தயிரை முன்னாலேயே வெளியே எடுத்து வெச்சு, நல்லா அடிச்சு, அடுப்பை அணைச்சுட்டு, பெயிண்டுக்குக் கலர் விடற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாச் சேத்தேன். திரியல! வெண்ணெய் போட்ட மாதிரியே இருந்துது. உங்கம்மா ஒரு வாய் வெச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாத்தா. "வெண்ணெயா?" "வெண்ணெயேதான்." "இத்தனை வருஷத்துல உங்களுக்கு ஒழுங்கா ஒரு பொய் சொல்ல வரல. உப்பு பத்தல, மிளகு போடவே மறந்துட்டீங்க"ன்னு சொல்லிட்டு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா எழுந்து சமையலறைக்கு வந்தா. "நகருங்க"ன்னா. உப்பும் மிளகும் போட்டுக் கிளறி, நின்ன வாக்குலேயே தட்டுல இருந்ததைக் காலி பண்ணிட்டா. நான் சன்னல் வழியா தெருவைப் பாக்கற மாதிரி நின்னு, சன்னல் கண்ணாடியில அவளைத்தான் பாத்துட்டிருந்தேன்.

அதனாலே கண்ணு, நீ வர வேண்டாம். அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். உன் வீட்டில் அவள் நன்றாகத்தான் இருப்பாள், எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் போய்விட்டால், நான் தப்பாகச் செய்ததைத் தப்பு என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? தயிரை நான் பழகிக்கொள்கிறேன். கேக்குக்கும் தயிர் போடலாமாமே, அதையும் விடப்போவதில்லை.

உனக்கு ஒரு குறையும் வராமல், மாப்பிள்ளைக்குக் கோபம் வராமல், குட்டிப் பயலுக்குச் சளி பிடிக்காமல், எல்லோரும் வயிறும் மனசும் நிறைந்து இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா.

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு. நான் கவர் ஒட்டப் பசை தேடப் போன நேரத்துல உங்கம்மா எடுத்துப் படிச்சுட்டா. படிச்சு முடிச்சு, "அவளை உடனே வரச் சொல்லுங்க"ன்னா. "போகணும்னு இருக்கா உனக்கு?"ன்னேன். "நான் எதுக்குப் போறேன்? உங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அடுப்புல தயிர், சுவத்துல தயிர், சுவிட்சுல தயிர்! எனக்கு என் சமையலறை வேணும். தயிரை நானே போட்டுக்கறேன்"னா. இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னு சொன்னா கண்ணு, எதையும் பிடிச்சுக்காம நின்னு. அதனால நீ கட்டாயம் வா. வந்து கூட்டிட்டுப் போ. யாரைன்னு நீயும் உங்கம்மாவும் பேசி முடிவு பண்ணுங்க. ஒருத்தரை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே, அவ்வளவுதான்.